புள்ளிக்கு ஒரு வால்

என் கையெழுத்து அழகாக இருக்கும். தற்பெருமை இல்லை, கடைக்கு வருகிறவர்கள் சொல்வது. மருந்துக் கவரின் மேல் நான் எழுதிக் கொடுக்கும் நாலு வார்த்தையைப் பார்த்துவிட்டு, "என்னம்மா, கல்யாணப் பத்திரிகை மாதிரி எழுதியிருக்கீங்க" என்றார் ஒருவர். அவர் வாங்க வந்தது மூலத்துக்கு மருந்து.

இந்த வாக்குமூலத்தை நானே எழுதித் தருகிறேன் என்று உங்களிடம் கேட்டு வாங்கிக்கொண்டதும் அதனால்தான், ஐயா. உங்கள் எழுத்தர் பணிவான பெண். ஆனால் போன வாரம் அவள் எடுத்த குறிப்பில் ‘மருந்தாளுநர்’ என்பது ‘மருந்தாளுனர்’ என்று மூன்று இடத்தில் இருந்தது. முப்பத்தொரு வருடமாக நான் செய்யும் தொழிலை ஒருத்தி மூன்று முறை தப்பாக எழுதுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார என்னால் முடியாது.

என் கொழுந்தனின் மனைவி ஓட்டிய வண்டி மோதி, சைக்கிளில் போன ஒரு சாவி செய்கிறவர் இறந்தார். அன்று காலை அவள் விழுங்கியிருந்த மாத்திரை என் கடையில் வாங்கியது. கவரில் இருந்தது என் எழுத்து. உங்கள் விசாரணை அறிக்கையின் வரைவில் இதற்கு ஒரு விளக்கம் இருக்கிறது. அந்த விளக்கம் தவறு. அதைத் திருத்துவதற்காகத்தான் இத்தனை தாள்.

முதலில் கடையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எக்ஸ்ரே எடுக்கும் இடத்துக்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்கும் நடுவில் இருக்கிறது. காய்ச்சல்காரர் வந்தால் மாத்திரையை வாங்கிக்கொண்டு போய்விடுவார். சர்க்கரைக்காரர் ஊசி வாங்கிக்கொண்டு போய்விடுவார். படபடப்புக்காரர்கள் அப்படியில்லை. அவர்களுக்கு மருந்து வேண்டாம், மருந்தைப் பற்றிய பேச்சு வேண்டும். கவுண்ட்டரில் கூட்டம் கலையும்வரை இருமல் டானிக் அட்டைப்பெட்டிகளைப் பார்ப்பதுபோல் நிற்பார்கள். பிறகு ஆணுறை கேட்கிறவர்களின் குரலில் கேட்பார்கள்.

"மேடம், இது பழக்கமாயிடுமா?"

"எது?"

"இந்த மாத்திரைதான். நெட்ல அப்படிப் போட்டிருந்தான்."

"மூணு வேளை சாப்பிடுறதும் பழக்கம்தான். அதை விட்டுட்டீங்களா?"

சிரிப்பார்கள். சிரித்து முடித்துவிட்டு அதே கேள்வியை மறுபடி கேட்பார்கள். ஒரு வங்கி அதிகாரி கவுண்ட்டரில் நிற்கும்போதே தன் நாடியைப் பிடித்து எண்ணிக்கொண்டிருப்பார். நான் நீட்டும் மீதிச் சில்லறையை வாங்கக்கூட அவருக்குக் கை ஒழியாது. ஒரு கல்லூரி விரிவுரையாளர் மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளை முழுவதும் படித்துவிட்டு, அதில் உள்ள பக்கவிளைவுகள் அத்தனையும் மாத்திரையைச் சாப்பிடாமலேயே வரவழைத்துக்கொள்வார். ஒரு பெண்மணி, ‘இயற்கையாக ஏதாவது இருக்கிறதா’ என்பார். எட்டிக்காயும் இயற்கைதான் என்று சொன்னேன். அது எந்தக் கம்பெனி என்று கேட்டார்.

பயம் எனக்கும் தெரியும். யாருக்குத்தான் தெரியாது. ஆனால் எனக்கு விடிந்தால் வேலை இருந்தது. நெஞ்சு அடித்துக்கொள்கிறதா என்று உட்கார்ந்து கேட்பதற்கு வீட்டில் ஒரு நாற்காலி காலியாக இருக்க வேண்டும். என் வீட்டில் எனக்கு அப்படி ஒரு நாற்காலி இருந்ததில்லை. இது என் கருத்து. மருத்துவம் வேறு சொல்கிறது என்பது எனக்குத் தெரியும். அந்தப் பாடத்திலும் நான் நல்ல மதிப்பெண் வாங்கியவள்தான்.

எங்கள் வீட்டில் நான் பெரியவள். கொழுந்தனின் மனைவி சின்னவள். மாமியார் வைத்த பெயர்கள். ஒரே சமையலறை, மேல்மாடியில் அவர்கள், கீழே நாங்கள். சின்னவள் என்னைவிடப் பதினெட்டு வயது இளையவள். ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தாள். கிளினிக் கிளினிக்காகப் போய் ரத்தக் குப்பிகளை ஐஸ் பெட்டியில் வாங்கி வரும் வேலை. ஓட்டுவதில் அவளுக்கு ஒரு கர்வம் உண்டு. பின்பக்கமாக வண்டியை எங்கள் சந்துக்குள் விடும்போது ஒரு கையைத்தான் பயன்படுத்துவாள். அக்கம்பக்கத்து ஆண்கள் பல் துலக்குவதை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள்.

நாலு வருடத்துக்கு முன் ஒரு காலையில் ஆற்றுப் பாலத்தின் நடுவில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி, கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். பின்னால் முக்கால் மணி நேரம் போக்குவரத்து நின்றது. சாகப்போகிறேன், சாகப்போகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தாளாம். ஆஸ்பத்திரியில் எல்லாம் பார்த்துவிட்டு, "இதயம் குதிரை மாதிரி இருக்கும்மா, வீட்டுக்குப் போங்க" என்று அனுப்பினார்கள். மறுநாள் வண்டியில் ஏறியதும் மறுபடி வந்தது. பரிசோதனைக் கூடத்தில் அவளை உள்வேலைக்கு மாற்றினார்கள்: குப்பிகளில் பெயர் ஒட்டும் வேலை.

அதன்பிறகு வீடு மாறியது. யாரும் கதவை அறைந்து சாத்துவதில்லை. மாமியார் டிவி சத்தத்தைக் குறைத்தார். என் மகன் பொதுத்தேர்வுக்குப் படித்தபோது குறைக்காத சத்தம். சின்னவளின் மகள், இப்போது ஒன்பது வயது, அம்மா எங்கே போனாலும் தண்ணீர்ப் பாட்டிலோடு பின்னால் போனாள். கல்யாணமான இருபத்தெட்டு வருடத்தில் நான் சாப்பிட்டேனா என்று கேட்டறியாத என் வீட்டுக்காரர், வேலை முடிந்து செருப்பைக் கழற்றும்போதே, "இப்ப எப்படிம்மா இருக்கு?" என்று மாடியைப் பார்த்துக் கேட்டார். இதைக் குறையாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

சின்னவளும் மற்றவர்களைப் போலத்தான். தினம் சாயங்காலம் போனில் ஒன்றைப் படித்துவிட்டுக் கவுண்ட்டருக்கு வருவாள்.

"அக்கா, மெக்னீசியத்துல நாலு வகை இருக்காமே. எது நல்லது?"

"நாலும் உப்புதான்."

"ஒண்ணு வயித்தைக் கலக்குமாம், ஒண்ணு மூளைக்குப் போகுமாம்."

"உனக்கு மூளைக்குப் போறது வேண்டாம். அங்க ஏற்கெனவே கூட்டம்."

"ஐயோ, உங்க வாய்க்கா!" என்று சிரிப்பாள். ஆனால் நான் எடுத்துக் கொடுப்பதைத்தான் வாங்குவாள். மீன் எண்ணெய், அஸ்வகந்தா, லாவண்டர் மாத்திரை, தூங்குவதற்குச் சாமந்திப்பூத் தேநீர், நாக்குக்கு அடியில் விடும் சொட்டு, குழந்தைகளுக்கான ஜவ்வுமிட்டாய் வடிவத்தில் வைட்டமின். ஒன்றுக்கொன்று சேராதவற்றை நான் பிரித்தேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு ஒரு வாரத்துக்கான கவர்களைப் பரப்பி, காலை, மாலை, இரவு என்று எழுதிப் போட்டுக் கொடுப்பேன். நான் பார்க்காத எதையும் அவள் வாயில் வைக்க மாட்டாள். உறவினர் ஒருவர் எங்கிருந்தோ ஒரு பொடி அனுப்பியபோது, "அக்கா பார்க்கட்டும்" என்று பிரிக்காமல் மூன்று நாள் வைத்திருந்தாள். அந்த ஞாயிறு வேலையை நான் ஒருநாளும் சிரமம் என்று சொன்னதில்லை.

மூன்றாம் வருடம் ஒரு மனநல மருத்துவரிடம் போனாள். என்னைவிடப் பத்து வயது இளைய பெண். மேசையில் ஒரு பூந்தொட்டிகூட இல்லாதவர். பொடியும் சொட்டும் எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார். மெதுவாக வேலை செய்யும் ஒரு மாத்திரை. அது பிடிக்கும்வரை உடனே அமைதிப்படுத்தும் இன்னொன்று, காலையில் பாதி, இரவில் பாதி. அதோடு வாரம் ஒருமுறை பேச்சு சிகிச்சை. அங்கே இருந்த ஒருவர் இவளைக் கையைப் பிடித்து அதே பாலத்துக்கு நடத்திக்கொண்டு போனாராம். முதல் நாள் பத்து அடி, அடுத்த வாரம் இருபது அடி. கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது.

ஆனால் அது பலித்தது. ஆறு மாதத்தில் சின்னவள் பாலத்தின் அந்தக் கரைக்குப் போய், அங்கிருந்து வீட்டுக்கு வீடியோ அழைப்பு போட்டாள். மாமியார் அழுதார். பாதி மாத்திரைகளை வெட்டிக் கொடுத்தது நான். அதை யாரும் அன்று சொல்லவில்லை.

அந்த நாட்களில் ஒருநாள் இரவுச் சாப்பாட்டின்போது, என் மாத்திரை வெட்டும் கருவியைப் பார்த்துக்கொண்டே சின்னவள் சொன்னாள்: "ஸ்கூல்ல மெய்யெழுத்துக்கு அரை மாத்திரைன்னு படிச்சோமே, ஞாபகம் இருக்கா? இப்ப நானும் மெய்யெழுத்து ஆயிட்டேன். அரை மாத்திரை குடுத்து, தலையில ஒரு புள்ளி வெச்சு உட்கார வெச்சிருக்காங்க அக்கா."

என் வீட்டுக்காரருக்குப் புரையேறும்வரை சிரிப்பு. நல்ல வேடிக்கைதான். என் தொழிலை வைத்து என் மேசையில் செய்தது.

ஒரு சனிக்கிழமை அவள் பிளாஸ்டிக் வாளி ஒன்றைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தாள். பழைய புட்டிகள், சொட்டுகள், பொடிகள், பாதி தீர்ந்த டப்பாக்கள். கவுண்ட்டர் மேல் வைத்தாள். ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள்.

"இதையெல்லாம் நீங்களே தூக்கிப் போட்டுடுங்கக்கா. வர்ற மாசத்தோட அந்தப் பாதி மாத்திரையும் போயிடும்னு டாக்டர் சொல்லிட்டாங்க. வண்டியைத் திருப்பித் தர்றதுக்கு ஆபீஸ்ல தேதி குடுத்துட்டாங்க. இனிமே உங்களுக்கு ஞாயித்துக்கிழமைத் தொல்லை இல்ல."

"நல்லது."

"இனிமே உங்க கடைக்கு வெறுங்கையோட வந்து வெறுங்கையோட போவேன், பாருங்க."

வரிசையில் நின்ற வங்கி அதிகாரி நாடியை விட்டுவிட்டுக் கை தட்டினார். நான் வாளியைக் கீழே இறக்கி வைத்தேன். எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. எல்லாவற்றையும் சொல்லும்படி நீங்கள் கேட்டதால் இதையும் எழுதுகிறேன்.

அடுத்து அந்தச் சீட்டு. மருத்துவர் அந்தப் பாதி மாத்திரைக்குப் பதில் வேறொன்று எழுதியிருந்தார். அதைவிடப் பல மடங்கு வீரியம், உடம்பில் அதிக நேரம் தங்கும், ஆகவே சிறிது சிறிதாகக் குறைத்து நிறுத்த வசதி. இரவில் கால் மாத்திரை, பதினைந்து நாள். பிறகு ஒன்றும் வேண்டாம். கால் மாத்திரை என்பதால் பகலில் வண்டி ஓட்டத் தடையில்லை என்று கூடத்துக்குத் தனியாக ஒரு கடிதமும் கொடுத்திருந்தார். மருத்துவத்தில் ஒரு குறையும் இல்லை. நான் சீட்டை வழக்கம்போல் இரண்டு முறை படித்தேன்.

இப்போது எழுத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீங்கள் இளையவர், உங்களுக்குத் தெரிந்திருக்காது. நான் எழுதப் படித்த காலத்தில் ‘லை’ என்ற எழுத்துக்குத் துதிக்கை உண்டு. இப்போதுபோல் இரட்டைச் சுழியை முன்னால் தனியாகப் போட மாட்டோம். ‘ல’வின் தலைமேலேயே ஒரு கொக்கி வளைந்து ஏறும். பிறகு எழுத்தை மாற்றினார்கள். நான் மாற்றிக்கொள்ளவில்லை. என் கவர்களில் ‘காலை’ எப்போதும் துதிக்கையோடுதான் இருக்கும். பதினோரு வருடமாக அந்த வீட்டில் காய்ச்சலுக்கும் சளிக்கும் அந்தக் கவரைப் பார்த்து மாத்திரை சாப்பிட்டவள் சின்னவள். ‘ல’வின் தலைமேல் கொக்கி இருந்தால் அவளுக்கு அது விடியற்பொழுது.

‘கால்’ என்று எழுதினால் அதே ‘ல’வின் தலைமேல் ஒரு புள்ளி வரும். புள்ளியை வைத்துவிட்டுப் பேனாவை உடனே எடுத்தால் அது நாலில் ஒரு பங்கு. எடுக்காமல் கொஞ்சம் இழுத்தால் அது பொழுது.

நான் கொஞ்சம் இழுத்தேன். ‘கால் மட்டும்’ என்று எழுதிய கவரில் ‘இரவு’ என்ற சொல்லை எழுதவில்லை. முன்பெல்லாம் நானே வெட்டிப் போட்டுக் கொடுப்பேன். அன்று அட்டையை அப்படியே முழுசாகப் போட்டேன்.

சின்னவள் மாத்திரையை அளவை வைத்து எடைபோடுகிறவள். பெரிதாக இருந்தால் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். இது மிளகைவிடக் கொஞ்சம் பெரிது.

"இத்துனூண்டா இருக்கே!" என்றாள். "இதைச் சாப்பிடுறதும் ஒண்ணு, சும்மா இருக்கிறதும் ஒண்ணு." பிறகு கவரைப் படித்தாள். "காலை மட்டும். அப்ப ராத்திரிக்குக் கிடையாதாக்கா?"

"கவர்ல என்ன இருக்கு?"

"காலை மட்டும்னு."

"அப்புறம் என்ன கேள்வி?"

"இல்ல, டாக்டரும் ஏதோ மட்டும் மட்டும்னு சொன்னாங்க. வண்டி குடுக்கிற சந்தோஷத்துல நான்தான் பாதி காதுல வாங்கினேன்."

கவனியுங்கள், நான் பொய் சொல்லவில்லை. இரண்டு வேளை சாப்பிட்டவளுக்கு ஒரு வேளை என்பது குறைப்பதுபோல்தானே தோன்றும். அவள் சந்தோஷமாகப் போனாள். மருத்துவர் சொன்ன அளவில் நாலு மடங்கை, தினமும் காலையில் பல் துலக்கியதும் விழுங்கினாள்.

இதோடு நிறுத்தியிருந்தால் உங்கள் வரைவைப் பாதியாவது சரி என்று சொல்லியிருப்பேன். நான் நிறுத்தவில்லை.

மூன்றாம் நாள் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் குழாயை மூடாமல் சுவரில் சாய்ந்து நின்றாள். "கண்ணு சொருகுதுக்கா. நடக்கிறப்ப தரை பஞ்சு மாதிரி இருக்கு. மருந்தைக் குறைக்கிறப்ப இப்படித்தான் இருக்குமா?"

"இருக்கும்."

"டாக்டருக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுடட்டுமா?"

குழாயை நான் மூடினேன். "போடு. போட்டா, உனக்கு இன்னும் சரியாகலைன்னு பழைய மருந்துக்கே கொண்டுபோயிடுவாங்க. கூடத்துக்குக் குடுத்த கடிதத்தையும் திருப்பி வாங்கிடுவாங்க. அப்புறம் ஆயுசுக்கும் குப்பியில பேர் ஒட்டு."

அவள் போன் செய்யவில்லை. என் பேச்சைக் கேட்காமல் அவள் எதையும் செய்ததில்லை என்பதை முன்பே எழுதியிருக்கிறேன்.

பன்னிரண்டாம் நாள் அவளுடைய தேதி. கூடத்தின் மேற்பார்வையாளர் வண்டியை எங்கள் வாசலுக்கே கொண்டு வந்தார். அவர் பக்கத்தில் உட்காருவார், இவள் பழைய பாதையில் ஓட்டி, பாலத்தைக் கடந்து, மூன்று கிளினிக்கில் குப்பி வாங்கித் திரும்ப வேண்டும். சரியாகச் செய்தால் திங்கட்கிழமையிலிருந்து வண்டி அவளுடையது. நாலு வருடம் பெட்டியில் இருந்த சீருடைச் சட்டையை அவள் மகளே இஸ்திரி போட்டிருந்தாள். காலரில் ஒரு மடிப்பு கோணலாக இருந்தது. மாமியார் வாசலில் நின்றார். என் வீட்டுக்காரர் அன்று அரை நாள் விடுப்பு எடுத்திருந்தார். நான் முதன்முதலில் கடை திறந்த அன்று அவருக்கு விடுப்பு கிடைக்கவில்லை.

வண்டிச் சாவி அவள் கையிலிருந்து இரண்டு முறை கீழே விழுந்தது. மேற்பார்வையாளர் பார்த்தார். "என்னம்மா, முகம் ஒரு மாதிரி இருக்கு? ஓட்டிடுவியா?"

அவள் வாயைத் திறப்பதற்குள் நான் சொன்னேன்: "பரீட்சைன்னா யாருக்கும் அப்படித்தான் சார். ராத்திரி பூரா தூக்கமில்ல, அவ்வளவுதான்."

சாவியைக் குனிந்து எடுத்து அவள் கையில் வைத்தேன். விரல்களை நானே மூடிவிட்டேன். பிறகு கேட்டைத் திறந்துவிட்டேன்.

நான் எதிர்பார்த்தது என்ன என்று இனிமேல் கேட்பீர்கள். பாலத்துக்கு முன்னாலேயே வண்டியை நிறுத்திவிடுவாள் என்று எதிர்பார்த்தேன். அல்லது வண்டி ஓரமாகப் போய் எங்கேயாவது உரசும், மேற்பார்வையாளர் இறக்கிவிடுவார். அவள் வீட்டுக்கு வருவாள், நாலு நாள் அழுவாள். படபடப்பு என்பது பத்தடி இருபதடி நடந்து போகிற விஷயம் இல்லை என்று எல்லாருக்கும் தெரியும். ஞாயிற்றுக்கிழமை வரும்.

பாலத்தை அவள் நன்றாகத்தான் கடந்தாள். அதை மேற்பார்வையாளர் உங்களிடம் சொல்லியிருப்பார். கை நடுங்கவில்லை, மூச்சு வாங்கவில்லை. பாலம் முடிந்ததும் அவரைப் பார்த்துச் சிரித்தாளாம். அடுத்த வளைவில் தூங்கிவிட்டாள். கண் திறந்தபடியே இருந்ததால் தனக்குத் தெரியவில்லை என்றார் அவர்.

சாவி செய்கிறவர் சைக்கிளின் பின்னால் ஒரு மரப்பெட்டி வைத்திருந்தார். அதில் அன்று திருப்பிக் கொடுக்க வேண்டிய சாவிகள். சாலையில் அறுபது அடிக்குச் சிதறிக் கிடந்தனவாம். இரண்டு மூன்று நாள் வரைக்கும் ஆட்கள் வந்து புல்லில் தங்கள் வீட்டுச் சாவியைத் தேடிக்கொண்டிருந்தார்கள் என்று பத்திரிகையில் படித்தேன். அவருக்கு இரண்டு பெண்கள். அவர் சாலையின் நடுக்கோட்டை ஒட்டி வந்திருக்கிறார் என்பதையும் யாராவது குறித்துக்கொள்வது நல்லது.

சின்னவளுக்குக் கழுத்துப்பட்டை எலும்பு முறிந்தது. ரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்த்துவிட்டு, வேண்டுமென்றே அதிகமாகச் சாப்பிட்டு வண்டி ஓட்டியதாக அவள்மேல் வழக்கு போட்டார்கள். நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். கட்டுப் போடாத கையால் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்க எழுத்தை நான்தான் தப்பாப் படிச்சிட்டேன்க்கா. கால்னு இருந்திருக்கு. நான் பறந்துக்கிட்டு வேற என்னமோ படிச்சிருக்கேன். ஒரு மனுஷனைக் கொன்னுட்டேன். உங்களுக்கும் கெட்ட பேர் வாங்கிக் குடுத்துட்டேன்."

"பரவாயில்ல விடு" என்றேன்.

படபடப்பு திரும்பி வந்துவிட்டது, அதனால் இன்னும் ஆஸ்பத்திரியிலேயே வைத்திருக்கிறார்கள். முன்பைவிட அதிகம், ஒரு நாளைக்கு மூன்று முறை, நாலு முறை. பாலம் வேண்டாம், கதவு திறக்கும் சத்தமே போதும். நர்ஸ் கொண்டுவரும் மாத்திரையை வாங்க மாட்டேன் என்கிறாள். நான் போய்ப் பார்த்து, "சரிதான், சாப்பிடு" என்று சொன்ன பிறகுதான் விழுங்குகிறாள். எட்டு வாரமாகத் தினமும் இரண்டு முறை போய்வருகிறேன். கடையை நடுவில் பூட்டிவிட்டுத்தான் போகிறேன்.

போன வாரம் உங்கள் வரைவைக் காட்டினீர்கள். கருணையோடு எழுதியிருக்கிறீர்கள், அது புரிகிறது. ‘மருந்தாளுநரின் கவனக்குறைவான கையெழுத்தால் நேர்ந்த பிழை, வயது, நீண்ட சேவை ஆகியவற்றைக் கருதி எச்சரிக்கையோடு விடலாம்.’ நீங்கள் ஆறுதலாக என் தோளைக்கூடத் தட்டினீர்கள். "கண்ணு டாக்டரைப் பாருங்கம்மா, வயசானா எல்லாருக்கும் வர்றதுதான்" என்றீர்கள்.

என் கண் நன்றாக இருக்கிறது. முப்பத்தொரு வருடத்தில் நான் ஒரு கவரைக்கூடத் தப்பாக எழுதியதில்லை. ஐந்து மில்லியை ஐம்பது என்று எழுதிய ஆட்களை எனக்குத் தெரியும். அவர்கள் இன்றும் கடை வைத்திருக்கிறார்கள். அவர்கள் வரிசையில் என்னை நிறுத்தாதீர்கள். அந்தப் புள்ளி எத்தனை தூரம் இழுபட வேண்டும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. கவரில் எழுதுவதற்கு முன் சீட்டின் பின்பக்கத்தில் நாலு முறை எழுதிப் பார்த்தேன். முதல் மூன்றும் சரியாக வரவில்லை. படிக்கிறவர் புள்ளி என்றே நினைத்திருப்பார். நாலாவது வந்தது. அந்தச் சீட்டு என் கடையில், ஊசி மருந்துகள் வைக்கும் குளிர்பெட்டிக்கு மேல் உள்ள கோப்பில் இருக்கிறது. உங்கள் ஆட்கள் மூன்று முறை சோதனை போட்டும் யாரும் ஒரு தாளைத் திருப்பிப் பார்க்கவில்லை.

ஆகவே ‘கவனக்குறைவு’ என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். நான் தெரிந்து எழுதினேன். தெரிந்து முழு மாத்திரையைக் கொடுத்தேன். அவள் கேட்டபோது தெரிந்து தப்பாகச் சொன்னேன். சாவியை எடுத்துக் கொடுத்ததும் நான்தான். அவள்மேல் உள்ள வழக்கில் இதைச் சேர்த்துக்கொள்ளலாம். எனக்கு அவள்மேல் கோபம் இல்லை, ஒருநாளும் இருந்ததில்லை.

ஒன்றே ஒன்று. சட்டப்படி இதை அவளுக்குப் படித்துக் காட்ட வேண்டியிருக்கும் என்றீர்கள். படிக்கும்போது அவளுக்கு வரும். பத்து நிமிடம் மூச்சு கிடைக்காது. யாராவது மாத்திரையோடு பக்கத்தில் இருக்கட்டும். எதைக் கொடுப்பது, எவ்வளவு என்று அங்கே யாருக்கும் தெரியாது. தயங்காமல் என்னைக் கேட்கச் சொல்லுங்கள்.